முடியில்லாத நாய்களும் ஏழு எழுத்துப் பிழையும்

மெக்சிகோவில் ஷோலோஇட்ஸ்குவின்ட்லி என்று ஒரு நாய் இனம் உண்டு. பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் மூச்சு வாங்கும், அதனால் ஷோலோ என்றே வைத்துக்கொள்வோம். உடம்பில் முடி கிடையாது. தலை உச்சியிலும் வால் நுனியிலும் கொஞ்சம் பிசிறு இருந்தால் உண்டு. 2017-ல் வந்த 'கோகோ' படத்தைப் பார்த்தவர்களுக்கு அந்தப் பையனுடன் நாக்கைத் தொங்கப் போட்டுக்கொண்டு அலையும் நாய் நினைவிருக்கும். அதுதான் ஷோலோ. இறந்தவர்களின் ஆவியைக் கீழுலகத்துக்கு வழிகாட்டிக் கூட்டிப் போவது நாய்தான் என்பது அஸ்டெக் மக்களின் நம்பிக்கை. படத்தில் அந்த நாயைச் சேர்த்ததற்குக் காரணமும் அதுவே.

இந்த நாய்களுக்கு ஏன் முடி இல்லை என்பது பழைய கேள்வி. 16-ஆம் நூற்றாண்டில் மெக்சிகோவில் வாழ்ந்த ஸ்பானியப் பாதிரியார் பெர்னார்டினோ தெ சாகுன், அந்த ஊர் மக்களிடம் கேட்டுக் கேட்டு அவர்களுடைய வாழ்க்கை, வழிபாடு, செடிகொடி, விலங்கு எல்லாவற்றையும் எழுதி வைத்தார். அதில் இந்த நாயும் வருகிறது. குட்டியாக இருக்கும்போதே உடம்பில் ஒருவகைப் பிசினைத் தடவி முடியை உதிர்த்துவிடுகிறார்கள் என்று சிலர் சொன்னார்களாம். இல்லை, சில ஊர்களில் பிறக்கும்போதே இப்படித்தான் பிறக்கின்றன என்று வேறு சிலர் சொன்னார்களாம். சாகுன் இரண்டையும் எழுதி வைத்துவிட்டுப் போய்விட்டார். பிறவியா, பிறகு வந்ததா? மரபியல் என்ற துறை பிறக்க முந்நூறு வருடங்களுக்கு மேல் இருக்கும்போதே அதன் முதல் கேள்வியை மெக்சிகோ கிராமத்து ஜனங்கள் கேட்டுவிட்டார்கள் என்று சொன்னால் தப்பில்லை.

அடுத்து இந்த நாய்களை உற்றுப் பார்த்தவர்கள் இங்கிலாந்துக்காரர்கள். அவர்கள் பார்த்தது முடியை அல்ல, பல்லை. வில்லியம் யாரெல் என்ற இயற்கை ஆய்வாளர், எகிப்து நாய் என்று அப்போது அழைக்கப்பட்ட முடியில்லா நாய்கள் மூன்றின் வாயைத் திறந்து பார்த்து, பற்கள் குறைவாக இருப்பதைக் கவனித்தார். சார்லஸ் டார்வினுக்கு இது பிடித்துப்போனது. 1859-ல் வெளிவந்த அவருடைய புகழ்பெற்ற நூலிலேயே முடியில்லா நாய்களுக்குப் பல்லும் சரியாக இருக்காது என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதினார். ஒரு உறுப்பு மாறினால் சம்பந்தமே இல்லாத இன்னொன்றும் கூடவே மாறுகிறதே, இது ஏன் என்பது அவரைக் குடைந்த கேள்விகளில் ஒன்று. தோல் எங்கே, பல் எங்கே?

பிறகு எழுதிய ஒரு நூலின் 1875-ஆம் வருடப் பதிப்பில் டார்வின் இதற்கு மனிதர்களிடமிருந்தே ஒரு உதாரணம் கொடுத்தார். அது நம் துணைக்கண்டத்து உதாரணம். சிந்து மாகாணத்தில் ஒரு இந்துக் குடும்பம். நான்கு தலைமுறைகளில் பத்து ஆண்களுக்கு வாயில் மேலும் கீழும் சேர்த்துச் சில பற்களே இருந்தன. உடம்பில் முடி மிகக் குறைவு, சீக்கிரமே வழுக்கை. வெயில் காலத்தில் தோல் வறண்டு படாத பாடு பட்டார்கள். (சிந்து வெயில் எப்படிப்பட்டது என்று வரைபடத்தைப் பார்த்தாலே தெரியும். அதில் வியர்க்காத உடம்போடு வாழ்வதை நினைத்துப் பாருங்கள்.) அந்தக் குடும்பத்துப் பெண் பிள்ளைகளில் ஒருவருக்கும் இந்தக் கோளாறு வரவில்லை. ஆனால் அந்தப் பெண்கள் வழியாகப் பேரன்களுக்கு வந்தது. அப்பாவிடமிருந்து மகனுக்கு ஒருபோதும் போகவில்லை. டார்வின் இத்தனையையும் துல்லியமாக எழுதினார், ஆனால் விளக்கம் சொல்ல அவரிடம் கருவி இல்லை. எக்ஸ் குரோமோசோம் என்ற ஒன்றை யாரும் கண்டுபிடிக்கவில்லை. மெண்டலின் பட்டாணிக் கணக்கு 1866-லேயே அச்சாகிவிட்டது, ஆனால் அது யார் கண்ணிலும் படாமல் நூலகங்களில் தூங்கிக்கொண்டிருந்தது.

1900-ல் மெண்டல் மறுபடி கண்டெடுக்கப்பட்டதும் காட்சி மாறியது. அதுவரை நாய் வளர்ப்பவர்களுக்கு ஒரு தீராத தலைவலி இருந்தது. முடியில்லாத ஆணையும் முடியில்லாத பெண்ணையும் சேர்த்தால் குட்டிகள் எல்லாம் முடியில்லாமல் பிறக்க வேண்டும் அல்லவா? பிறப்பதில்லை. ஒவ்வொரு ஈற்றிலும் முடியுள்ள குட்டிகளும் வந்து சேரும். எத்தனை தலைமுறை வடிகட்டினாலும் இனம் 'சுத்தம்' ஆகாது.

இதைக் கணக்காகப் பார்த்தால் பேலன்ஸ் ஷீட் இடிப்பது போல இருக்கும். அப்பாவிடம் ஒரு நல்ல ஜீன், ஒரு பிழையான ஜீன். அம்மாவிடமும் அப்படியே. மெண்டல் கணக்குப்படி நான்கு குட்டிகளில் ஒன்றுக்கு இரண்டும் நல்லது, இரண்டுக்கு ஒன்று நல்லது ஒன்று பிழை, ஒன்றுக்கு இரண்டுமே பிழை. அப்படியானால் முடியில்லாதவை மூன்று, முடியுள்ளது ஒன்று என்று வர வேண்டும். ஆனால் பிறந்த குட்டிகளை எண்ணினால் இரண்டுக்கு ஒன்று என்றுதான் வருகிறது. ஒரு பங்கு எங்கே போனது?

இதே மாதிரி இடித்த ஒரு கணக்கு எலிகளில் ஏற்கெனவே வந்திருந்தது. பிரான்சில் லூசியான் குயேனோ என்பவர் மஞ்சள் நிற எலிகளை வளர்த்தார். மஞ்சளோடு மஞ்சளைச் சேர்த்தாலும் சுத்தமான மஞ்சள் வம்சம் கிடைக்கவே இல்லை. இதை அவர் 1905-ல் எழுதினார். 1910-ல் அமெரிக்காவில் காசிலும் லிட்டிலும் விடையைச் சொன்னார்கள். இரண்டு மஞ்சள் ஜீன் கிடைத்த கரு தாய் வயிற்றிலேயே இறந்துபோகிறது. கணக்கில் காணாமல் போன பங்கு அதுதான். நாய்க் கணக்கும் இதே கணக்குதான். 1930-ல் எத்தியென் லெத்தார் என்ற பிரெஞ்சுக்காரர் முடியில்லா நாய்களைக் கொண்டு மெண்டல் முறைச் சோதனைகள் செய்து எழுதினார். ஒரு பிழை இருந்தால் முடியில்லாத நாய், இரண்டு பிழை இருந்தால் நாயே இல்லை. உலகத்தில் உயிரோடு நடமாடும் முடியில்லா ஷோலோ ஒவ்வொன்றிடமும் பிழையான ஜீன் ஒன்றும் நல்ல ஜீன் ஒன்றும்தான் இருக்க முடியும். சுத்த வம்சம் என்பது இந்த நாய்களில் இயற்கையாகவே நடக்காத காரியம். நாய்க் கண்காட்சிக்காரர்கள் சாதி சுத்தம் பேசும்போது இதை யாராவது எடுத்துச் சொன்னால் நன்றாக இருக்கும்.

இதற்கிடையில் நாய்களே இல்லாமல் போகும் நிலை வந்தது. அமெரிக்க கென்னல் கிளப் 1959-ல் இந்த இனத்தைத் தன் பட்டியலிலிருந்து எடுத்தேவிட்டது, திரும்பச் சேர்த்தது 2011-ல்தான். மெக்சிகோவில் ஃப்ரிடா காலோ, டியேகோ ரிவேரா போன்ற ஓவியர்கள் ஆசையாக வளர்த்தார்கள் என்றாலும், நகரங்களில் ஷோலோ அபூர்வமாகிவிட்டது. 1954-ல் நார்மன் பெலாம் ரைட் என்ற ஆங்கிலேயர் சிலரைச் சேர்த்துக்கொண்டு குரேரோ மாநிலத்தில் பல்சாஸ் ஆற்றுப் பகுதியில் கிராமம் கிராமமாகத் தேடினார். அங்கே கிடைத்த சில நாய்களிலிருந்துதான் இனம் மறுபடி துளிர்த்தது. கிராமத்தில் மட்டும் எப்படித் தப்பியது? முடியில்லாத உடம்பு தொட்டால் வெதுவெதுப்பாக இருக்கும். மூட்டு வலிக்காரர்கள் இந்த நாயைப் பக்கத்தில் போட்டுக்கொண்டு தூங்குவார்கள். மற்ற நாய்களை விடச் சூடு அதிகம் என்பதெல்லாம் இல்லை, நடுவில் கம்பளி இல்லை, அவ்வளவுதான்.

பெருவில் வேறு கதை. அங்கே கடற்கரைப் பாலைவனத்தில் வாழ்ந்த மோச்சே மக்கள் செய்த மண்பாண்டங்களில் முடியில்லா நாயின் உருவம் இருக்கிறது. 2001-ல் பெரு அரசு அந்த நாயைத் தேசியப் பாரம்பரியமாகவே அறிவித்தது. மூன்றாவது இனமான சைனீஸ் கிரெஸ்டட் பெயரில்தான் சீனம். உண்மையில் சீனாவிலிருந்து வந்ததா என்பதற்கு உறுதியான ஆதாரம் இல்லை. கலிபோர்னியாவில் நடக்கும் 'உலகின் அசிங்கமான நாய்' போட்டியில் 2003 முதல் 2005 வரை மூன்று முறை தொடர்ந்து ஜெயித்த சாம் இந்த இனம்தான். இந்த இனத்தில் முடியோடு பிறக்கும் குட்டிக்கு 'பவுடர்பஃப்' என்று செல்லப் பெயர் வைத்து, அதையும் கண்காட்சியில் சேர்த்துக்கொள்கிறார்கள். நல்ல ஜீன் இரண்டும் கிடைத்த குட்டி அது.

இனி ஆய்வகத்துக்கு வருவோம். இந்தப் பிழை எந்த ஜீனில் இருக்கிறது என்பதைத் தேடும் வேலையில் முதல் அடி எடுத்து வைத்தவர்கள் முடியைத் தேடிப் போனவர்கள் அல்ல. அமெரிக்காவின் மிசௌரி பல்கலைக்கழகத்தில் டென்னிஸ் ஓ'பிரையன் குழுவினர், சைனீஸ் கிரெஸ்டட் நாய்களுக்கும் கெர்ரி ப்ளூ டெரியர் நாய்களுக்கும் வரும் ஒரு கொடிய நரம்பு நோயை ஆராய்ந்துகொண்டிருந்தார்கள். கையில் குடும்ப வரலாறும் ரத்த மாதிரியும் இருக்கிறதே என்று முடியில்லாத குணத்தையும் சேர்த்துத் தேடினார்கள். 2005-ல் அது 17-ஆம் குரோமோசோமில் இருக்கிறது என்று சொன்னார்கள். தெரு எது என்று தெரிந்துவிட்டது, வீடுதான் தெரியவில்லை.

அதே 2005 டிசம்பரில் நாயின் முழு ஜீனோமும் வெளியானது. டாஷா என்ற பாக்ஸர் நாயின் டி.என்.ஏ. தான் அதற்கு அடிப்படை. நாய் ஆராய்ச்சியில் அதற்கு முன், அதற்குப் பின் என்று காலத்தைப் பிரிக்கலாம். ஏனென்றால் நாய்களிடம் ஒரு வசதி இருக்கிறது. ஒரு இனத்துக்குள் எல்லாம் நெருங்கிய சொந்தக்காரர்கள், அதனால் டி.என்.ஏ. பெரிய பெரிய துண்டுகளாக மாறாமல் இறங்கி வருகிறது. மனிதர்களில் ஒரு ஜீனைப் பிடிக்க ஆயிரக்கணக்கான ஆட்கள் வேண்டுமென்றால், நாய்களில் எளிய குணம் ஒன்றுக்குச் சில பத்து நாய்கள் போதும். மனிதன் இருநூறு வருடங்களாக அழகுக்காகச் செய்த நெருங்கிய கலப்பு நாய்களுக்கு நிறைய நோய்களைக் கொடுத்தது. அதே கலப்புதான் விஞ்ஞானிகளுக்கு வேலையைச் சுலபமாக்கியது.

ஸ்விட்சர்லாந்தின் பெர்ன் பல்கலைக்கழகத்தில் கார்ட் ட்ரோகெமுல்லர், டோசோ லீப் ஆகியோரின் குழு இதைப் பயன்படுத்திக்கொண்டது. முடியில்லாத சைனீஸ் கிரெஸ்டட்களையும் பவுடர்பஃப்களையும் ஒப்பிட்டு 17-ஆம் குரோமோசோமில் சரியான இடத்தை நெருங்கினார்கள். பிறகு மெக்சிகோ நாய்களையும் பெரு நாய்களையும் சேர்த்துக்கொண்டு இடத்தை இன்னும் சுருக்கினார்கள். 2008 செப்டம்பரில் 'சயின்ஸ்' இதழில் விடை வந்தது. ஃபாக்ஸ்-ஐ-3 என்ற ஜீன். அதுவரை அந்த ஜீன் என்ன வேலை செய்கிறது என்றே யாருக்கும் தெரியாது. அதில் ஏழு எழுத்துகள் இரண்டு முறை வந்திருந்தன. அவ்வளவுதான் பிழை.

ஏழு எழுத்துக்கு இவ்வளவு பாடா என்று தோன்றலாம். டி.என்.ஏ.வை உடம்பு மூன்று மூன்று எழுத்தாகப் படிக்கும். 'மரம் படம் கடல் நகம் பழம்' என்று எழுதியிருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மரம் என்ற சொல்லுக்குப் பிறகு ஒரே ஒரு 'க' தவறி விழுந்துவிட்டால், மூன்று மூன்றாகப் படிக்கும்போது 'மரம் கபட ம்கட ல்நக ம்பழ' என்றாகிவிடும். அங்கிருந்து கடைசி வரை உளறல்தான். ஏழு எழுத்து சேர்ந்தாலும் இதே கதி. ஆறு போக ஒன்று மிஞ்சும், அந்த ஒன்று போதும். ஆறோ ஒன்பதோ சேர்ந்திருந்தால் இவ்வளவு நாசம் ஆகியிருக்காது.

மூன்று இனங்களிலும் பிழை ஒன்றேதான், அதைச் சுற்றியுள்ள டி.என்.ஏ. துண்டும் ஒன்றேதான். அதாவது எப்போதோ ஒரே ஒரு நாயிடம் நடந்த பிழை மெக்சிகோவிலும் பெருவிலும் 'சீன' நாயிலும் வந்து உட்கார்ந்திருக்கிறது. இதில் இன்னொரு விஷயமும் இருக்கிறது. 2018-ல் வெளியான பழங்கால டி.என்.ஏ. ஆய்வு ஒன்று, கொலம்பஸுக்கு முன் அமெரிக்கக் கண்டங்களில் இருந்த நாய்களின் வம்சம் ஐரோப்பிய நாய்கள் வந்த பிறகு ஏறக்குறைய அழிந்தே போனது என்று காட்டியது. இன்றைய ஷோலோவின் உடம்பில் ஓடுவதும் பெரும்பாலும் வந்தேறி நாய்களின் ரத்தம்தான். பழைய பேரேட்டில் எல்லாப் பக்கத்தையும் கிழித்துப் போட்டுவிட்டு, தப்பான ஒரு பதிவை மட்டும் புதுப் பேரேட்டுக்குக் கொண்டு வந்தது போல, அந்த ஏழு எழுத்து மட்டும் பிழைத்து வந்திருக்கிறது.

எலிக் கருவில் இந்த ஜீன் எங்கே வேலை செய்கிறது என்பதையும் அதே கட்டுரையில் பார்த்திருந்தார்கள். முடி முளைக்கப் போகும் இடத்திலும் பல் முளைக்கப் போகும் இடத்திலும். டார்வின் கேட்ட கேள்விக்கு விடை இதுதான். கருவில் முடியும் பல்லும் வியர்வைச் சுரப்பியும் ஒரே மாதிரிதான் தொடங்குகின்றன. வெளிப்படலம் ஒரு இடத்தில் சின்னதாகத் தடிக்கும், பிறகு உள்ளே இறங்கும். வளர்ந்த பிறகுதான் அவை வேறு வேறு பொருளாகத் தெரிகின்றன. ஜெர்மனியின் ஜெனா நகர அருங்காட்சியகத்தில் லுட்விக் பிளாட்டே என்ற விலங்கியலாளர் காலத்து முடியில்லா நாய்களின் மண்டையோடுகள் இருந்தன. 2017-ல் வெளியான ஆய்வில் அவற்றிலிருந்தும் டி.என்.ஏ. எடுத்துப் பார்த்தபோது அதே ஏழு எழுத்து இருந்தது. நிரந்தரக் கோரைப்பற்களும் முன்கடைவாய்ப் பற்களும் காணோம், கடைவாய்ப் பற்களின் மேடு பள்ளமும் குறைவு.

எல்லா முடியில்லா நாய்க்கும் இதே காரணம் என்று எழுதிவிடக் கூடாது. அமெரிக்காவின் லூசியானாவில் 1972-ல் சாதாரண ரேட் டெரியர் ஈற்றில் முடியில்லாத ஒரு பெண் குட்டி பிறந்தது. அதன் வம்சம்தான் அமெரிக்கன் ஹேர்லெஸ் டெரியர். இதற்குப் பல் எல்லாம் ஒழுங்காக இருக்கும். இதில் குணம் ஒடுங்கு தன்மை கொண்டது, இரண்டு பிழை சேர்ந்தால்தான் முடி போகும், உயிருக்கு ஆபத்தில்லை. 2017-ல் இதன் காரணம் எஸ்.ஜி.கே-3 என்ற வேறொரு ஜீனில் நான்கு எழுத்து விடுபட்டது என்று தெரிந்தது. 2019-ல் பின்லாந்து ஆய்வாளர்கள், ஸ்காட்டிஷ் டியர்ஹவுண்ட் இனத்தில் எப்போதாவது பிறக்கும் முடியில்லாக் குட்டிகளிடமும் அதே ஜீனில் வேறொரு பிழையைக் கண்டார்கள்.

சரி, நாய்க்கு முடி இல்லை என்பதற்கா இவ்வளவு செலவு என்று கேட்பவர்கள் சிந்துக் குடும்பத்தை ஞாபகப்படுத்திக்கொள்ள வேண்டும்.

அந்தக் குடும்பத்தின் கோளாறுக்கு இன்று எக்ஸ் வழி எக்டோடெர்மல் டிஸ்பிளேசியா என்று பெயர். எக்ஸ் குரோமோசோமில் உள்ள இ.டி.ஏ. என்ற ஜீன் கெட்டுப்போவதால் வருகிறது. பெண்ணிடம் இரண்டு எக்ஸ் இருப்பதால் ஒன்று கெட்டாலும் மற்றது ஓரளவு தாங்கும், ஆணுக்கு அந்த வசதி இல்லை. தந்தை மகனுக்கு எக்ஸ் தருவதே இல்லை, அதனால்தான் அப்பாவிடமிருந்து மகனுக்குப் போகவில்லை. 1996-ல் மனிதர்களில் இந்த ஜீன் அடையாளம் காணப்பட்டது. சிந்தில் இப்படிப்பட்ட குடும்பங்கள் இருப்பதைப் பற்றி ததானி என்பவர் 1921-லும் ஒரு கட்டுரை எழுதியிருக்கிறார். இது வெறும் அழகுப் பிரச்சினை அல்ல. வியர்க்காத குழந்தைக்குக் காய்ச்சல் வந்தாலோ வெயிலில் நின்றாலோ உடம்புச் சூடு ஏறிக்கொண்டே போகும், மூளை பாதிக்கும், சில குழந்தைகள் இறந்தும் போகின்றன.

இதே நோய் ஜெர்மன் ஷெப்பர்ட் நாய்களிலும் வந்தது. பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் மார்கரெட் காசல் குழுவினர் அப்படிப்பட்ட நாய்களை வைத்து ஆராய்ந்தார்கள். நெற்றியிலும் இடுப்பிலும் முடி இல்லை, பற்கள் குறைவு, இருப்பவையும் கூம்பு வடிவம், கண்ணில் நீர் குறைவு, அடிக்கடி நுரையீரல் தொற்று. மனிதக் குழந்தைக்கு என்னென்னவோ அதெல்லாம் அப்படியே. 2005-ல் இந்த நாய்களிலும் இ.டி.ஏ. ஜீனில்தான் பிழை என்று உறுதியானது. இங்கேதான் எலியை விட நாய் உசத்தி. எலிக்குப் பால் பல் விழுந்து முளைக்கும் பழக்கமே இல்லை, நாய்க்கு நம்மைப் போலவே இரண்டு முறை பல் முளைக்கும். காணாமல் போன புரதத்தை ஆய்வகத்தில் தயாரித்து, பிறந்த குட்டிகளுக்கு நரம்பு வழியாக ஊசி போட்டார்கள். 2007-ல் முடிவு வெளியானது. ஐந்து நாய்களில் நான்குக்கு நிரந்தரப் பற்கள் பெரும்பாலும் சரியாக முளைத்தன. கண்ணீர் சுரந்தது, தொற்று குறைந்தது, வியர்வையும் தேறியது. ஜீனைத் தொடவே இல்லை, சரியான நேரத்தில் சில ஊசிகள் மட்டும்.

2013-ல் இரண்டு கதைகளும் ஒரு இடத்தில் சந்தித்தன. பின்லாந்தின் ஹெல்சின்கியில் எலிக் கருவை ஆராய்ந்தவர்கள், முடியும் பல்லும் முளைக்கும் இடத்தில் ஃபாக்ஸ்-ஐ-3 ஜீனை முடுக்கிவிடுவதே இ.டி.ஏ. புரதம்தான் என்று காட்டினார்கள். ஷோலோவின் பிழையும் ஜெர்மன் ஷெப்பர்டின் பிழையும் ஒரே சங்கிலியின் வேறு வேறு கண்ணிகள்.

மனிதக் குழந்தைகளுக்குப் பிறந்தவுடன் ஊசி போட்ட சோதனை எதிர்பார்த்த பலனைத் தரவில்லை. மனிதனுக்கு வியர்வைச் சுரப்பிகள் கருவிலேயே உருவாகி முடிந்துவிடுகின்றன, பிறந்த பிறகு கொடுப்பது பஸ் போன பிறகு ஸ்டாண்டுக்கு ஓடுவது போல. அப்படியானால் பிறப்பதற்கு முன்பே கொடுத்தால் என்ன? ஜெர்மனியின் எர்லாங்கன் பல்கலைக்கழக மருத்துவமனையில் ஹோல்ம் ஷ்னைடர் குழுவினர் அதைச் செய்தார்கள். ஏற்கெனவே ஒரு மகனுக்கு இந்த நோய் இருந்த தாய், வயிற்றில் இரட்டை ஆண் குழந்தைகள், இருவருக்கும் அதே பிழை. கர்ப்பத்தின் 26-ஆம் வாரத்திலும் 31-ஆம் வாரத்திலும் பனிக்குட நீரில் அந்தப் புரதத்தைச் செலுத்தினார்கள். குழந்தைகள் அந்த நீரை விழுங்க, மருந்து உள்ளே போகும். இன்னொரு தாயின் குழந்தைக்கு 26-ஆம் வாரத்தில் ஒரே ஒரு முறை மட்டும் கொடுத்தார்கள். 2018-ல் மருத்துவ இதழில் முடிவு வெளியானபோது மூன்று குழந்தைகளும் சாதாரணமாக வியர்த்துக்கொண்டிருந்தார்கள். அதற்கு முன் இந்த நோயோடு பிறந்த அண்ணனுக்கு அது முடியாது. அதன் பிறகு பல நாடுகளில் கர்ப்பிணிகளைச் சேர்த்து அடுத்த கட்டப் பரிசோதனையும் தொடங்கியது.